மங்கலாகவே இருக்கட்டும்

ஜூன் 3, திங்கள்

காலையிலிருந்து டிவியில் குற்றால அருவி ஓடிக்கொண்டிருக்கிறது. நிஜ அருவி எங்கள் வீட்டிலிருந்து நாலு மைல். சாரல் ஆரம்பித்துவிட்டது, ஊரே எண்ணெய் தேய்த்துக்கொண்டு பஸ் ஏறுகிறது. நான் மட்டும், யாரோ யூடியூபில் போட்டு வைத்த பத்து மணி நேர அருவியைக் கூடத்தில் ஓட விட்டுவிட்டு, அடுக்களையில் புளி கரைத்துக்கொண்டிருக்கிறேன். அருவி பார்ப்பதற்கு இல்லை. நெட்டைத் தீர்ப்பதற்கு.

எங்கள் பிளான் மாதத்துக்கு நூறு ஜி.பி. ஒன்றாம் தேதி புதிதாக வரும். நூறும் தீர்ந்துவிட்டால் வேகம் படுத்துவிடும். பிறகு மாதக் கடைசி வரை முக்கி முனகித்தான் வரும். எல்லார் வீட்டிலும் நெட்டை மிச்சம் பிடிப்பார்கள். எங்கள் வீட்டில் முதல் வாரத்திலேயே தீர்த்தாக வேண்டும். நேற்று ஞாயிறு, மெல்போர்னிலிருந்து மகள் அம்பிகா வீடியோவில் கூப்பிடுகிற நாள். புது மாதம் என்பதால் லைன் பளிச்சென்று இருந்தது. மோடத்தை அணைத்துவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். எங்கள் தெருவில் செல்போன் டவர் எட்டாது. மாடியில்தான் ஒன்றிரண்டு கோடு வரும். "கரண்ட் இல்லம்மா, அடுத்த வாரம் பாக்கலாம்" என்று சாதாரண போனில் சொல்லிச் சமாளித்தேன்.

இதெல்லாம் உலகம்மாளின் உத்தரவு. என் மனைவி. நோய் ஈரலில் ஆரம்பித்தது. பழைய ரவிக்கை ஒன்றுகூட இப்போது அவள் தோளில் நிற்பதில்லை. கண் மஞ்சள், கன்னம் ஒட்டிவிட்டது. அம்பிகாவுக்கு இரண்டு தரம் கலைந்து, இது மூன்றாவது. ஏழாம் மாதம். படி ஏறக்கூடாது, மனசு அலட்டிக்கொள்ளக்கூடாது என்று அந்த ஊர் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாளாம். "அவ என் மூஞ்சியப் பாத்தா அடுத்த பிளேன்ல ஏறிருவா. பிள்ளை பெறந்து கையில வர்ற வரைக்கும் அவளுக்கு ஒண்ணும் தெரியக்கூடாது" என்று உலகு சொல்லிவிட்டாள். படமே வராவிட்டால் சந்தேகம் வரும். படம் மங்கலாக வந்தால் பழி கேபிள்காரர் மேல் போய்விடும்.

முப்பது வருஷம் நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் வால்வு திறந்து மூடியவன் நான். ஒரு குழாய் சும்மா சொட்டினாலே எனக்குப் பொறுக்காது. இப்போது வேண்டுமென்றே திறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மனசு அடித்துக்கொள்கிறது.

சாயங்காலம் உள்ளே இருந்து உலகு கத்தினாள்: "அந்தச் சவத்த சத்தமில்லாம ஓட விடுங்க. அருவிச் சத்தம் கேட்டுக் கேட்டு ஒண்ணுக்கா வருது."

ஜூன் 5, புதன்

திருநெல்வேலிக்கு டாக்டரிடம் போய் வந்தோம். இனி ஊசி வேண்டாம் என்றுவிட்டார். வலித்தால் மட்டும் மாத்திரை. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், வாய்க்குப் பிடித்ததைக் கொடுங்கள், அடிக்கடி வர வேண்டியதில்லை என்றார். அலைச்சல் மிச்சம். ஊசி போட்ட நாளெல்லாம் வாந்தி எடுத்துத் துவண்டு கிடப்பாள். அது இனி இல்லை. தேறி வருகிறாள் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆலங்குளத்தில் காரை நிறுத்தி இளநீர் வாங்கினேன். இரண்டு வாய் குடித்தாள்.

"அம்பிகாவுக்கு ஆகஸ்ட்டுல்லா?"

"ஆமா, ஆகஸ்ட் கடைசி."

"தள்ளிக்கிள்ளிப் போயிராதே?"

"ஏன் தள்ளிப் போவுது?"

அதற்குப் பிறகு பாவூர்சத்திரம் தாண்டும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். காற்று நன்றாக இருந்தது.

ஜூன் 7, வெள்ளி

எண்பது சதவீதம் தீர்ந்துவிட்டது என்று மெசேஜ் வந்தது. நிம்மதி.

ஜூன் 9, ஞாயிறு

இன்றைய அழைப்பு நல்லபடியாக, அதாவது மோசமாக, அமைந்தது.

ஒன்பது மணிக்கே உலகுவைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தேன். நெஞ்சுவரை போர்வை. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இன்னும் இருட்டும் என்று அவளே கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். அம்பிகா வந்தாள். அங்கே அவளும் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தாள். அவள் பேசுவது முதலில் வருகிறது, வாய் பிறகு அசைகிறது.

"அம்மா, நீ நல்லாருக்கியா? குரல் ஏன் கம்முது?"

"சாரலுல்லா. சளி பிடிச்சிருக்கு. நீ சாப்டியா?"

"உன் மூஞ்சியே தெரிய மாட்டேங்கும்மா. அப்பா, அந்த நெட்ட மாத்துங்கப்பா."

"மாத்துவோம், மாத்துவோம்" என்றேன்.

இந்த வித்தையை நாங்கள் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஏப்ரலில் நான் பழைய கிரிக்கெட் ஆட்டங்களாகப் பார்த்துத் தள்ளி, தெரியாமல் லிமிட்டைத் தீர்த்துவிட்டேன். அந்த ஞாயிறு படம் கலங்கலாக வந்தது. நான் கேபிள்காரர் கசமுத்துவைத் திட்டிக்கொண்டிருந்தேன். உலகு சிரித்தாள். "வையாதீய. இது நல்லாத்தான இருக்கு. மங்கலாவே இருக்கட்டும்" என்றாள்.

பேசி முடித்ததும் அம்பிகா ஒரு படம் அனுப்பினாள். அவளுடைய போனில் அம்மா எப்படித் தெரிகிறாள் என்று பிடித்து அனுப்பியிருக்கிறாள். 'இதுதான் எனக்கு வருது, பாருங்கப்பா' என்று கீழே எழுதியிருந்தது. பார்த்தேன். கன்னத்துப் பள்ளத்தைக் கட்டங்கள் நிரப்பிவிட்டிருக்கின்றன. மஞ்சளெல்லாம் வெளிச்சத்தோடு கலந்து போயிருக்கிறது. அம்பிகா கல்யாணத்தில் பந்தி விசாரித்துக்கொண்டு நின்றாளே, அந்த உலகு. அழிக்க வேண்டும் என்று நினைத்தேன், மறந்துவிட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

கேபிள்காரர் கசமுத்து வந்தார். கையில் ஒயர்ச் சுருள், முகத்தில் கோபம்.

"அண்ணாச்சி, உங்க மக ஆஸ்திரேலியாவுல இருந்து பேசினா. லிமிட் இல்லாத பிளான், பெரிய வேகம். ஆறு மாசத்துக்குப் பணமும் கட்டிட்டா. ஒயர் மாத்தணும், நகருங்க."

"வேண்டாம் வே."

"என்னது?"

"நாங்க ரெண்டு கெழடுக. அவ்வளவு வேகத்த வச்சு என்ன செய்ய? மாசம் ஆயிரத்துச் சொச்சம் தண்டம்லா?"

"உங்க காசா? அவ கட்டிட்டான்னு சொல்லுதேன்."

நான் வாசலை விட்டு நகரவில்லை. அவர் ஒயரைக் கீழே போட்டார். "உங்க மக எங்கிட்ட எப்படிப் பேசினா தெரியுமா? எங்கம்மா மூஞ்சிய ஒழுங்காப் பாத்து மூணு மாசம் ஆச்சுண்ணே, உங்க லைன் அவ்வளவு மோசமான்னு கேட்டு அழுதா. எனக்கு நாக்கப் பிடுங்கிக்கிடலாம் போல ஆயிட்டு. ஒரே வாரத்துல நூறு ஜி.பி.யையும் தீத்துட்டு என் லைனக் குத்தம் சொன்னா எப்படி அண்ணாச்சி? அப்படி என்னத்தத்தான் பாக்கீய?"

"அருவி" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சுருளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ரிட்டயர் ஆன பிறகு எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தெரு முழுக்க இந்நேரம் பரவியிருக்கும்.

ஜூன் 17, திங்கள்

மனசு கேட்கவில்லை. கசமுத்து நல்ல மனுஷன். அவர் தொழிலுக்கு நாங்கள் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கடைக்குப் போய் உள்ளதைச் சொல்லிவிட்டேன். சொல்லிமுடிக்கிற வரை ஸ்குரூ டிரைவரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"மைனிக்கா?" என்று மட்டும் கேட்டார். ஒருமுறை அவர் கம்பத்திலிருந்து விழுந்து கை ஒடிந்து கிடந்தபோது உலகு ஒரு மாதம் அவர் வீட்டுக்குக் குழம்பு கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

"இத மொதல்லயே எங்கிட்ட சொன்னா என்ன அண்ணாச்சி? டிவிய இப்படி ஓட விட்டு கரண்டையும் சேத்துல்லா வீணாக்கியிருக்கீய. பழைய பிளான் ஒண்ணு கெடக்கு. மாசம் பூராவும் இழுத்து இழுத்துத்தான் வரும். யாரும் வாங்க மாட்டாங்க. அதுல போட்டு விடுதேன். உங்க மக கேட்டா எம்மேலயே பழியப் போடுங்க." நான் எழுந்தபோது கூடவே வாசல்வரை வந்தார். "பெரிய பிளான் அப்படியே கெடக்கட்டும். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அன்னைக்கே ஒயரோட வந்து நிப்பேன்."

வீட்டுக்கு வந்து டிவியை அணைத்தேன். கூடம் ஒரேயடியாக அமைதியாகிவிட்டது. உள்ளறையில் உலகு மூச்சு விடுகிற சத்தம் வரை கேட்கிறது. பழைய பாட்டு ஏதாவது வைக்கலாம் என்று மறுபடி போட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

பத்து நிமிஷம்தான் உட்கார முடிந்தது. பேச்சின் நடுவில் என் கையைக் கிள்ளினாள். அதுதான் சைகை. நான் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, மாடிக்குப் போய், "லைன் கட் ஆயிட்டும்மா" என்று சொன்னேன். அம்பிகா கசமுத்துவைக் கன்னாபின்னாவென்று திட்டினாள். கேட்டுக்கொண்டேன்.

கீழே வந்தால் உலகு படுத்தபடியே ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை அளவு. அந்த ஊரில் இப்போது குளிராம். இரண்டு வரிசை போடுவாள், ஊசியை நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவாள், திரும்பவும் இரண்டு வரிசை.

ஜூலை 15, திங்கள்

இரண்டு இட்லி சாப்பிட்டாள் என்று எழுத ஆசை. ஒன்றரை.

ஜூலை 24, புதன்

பெண் குழந்தை! மருமகன் கார்த்தீசன்தான் கூப்பிட்டுச் சொன்னார். ஒரு மாதம் முந்தி வந்துவிட்டது, எடை கொஞ்சம் குறைவு, சில நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பார்கள், பயப்பட ஒன்றுமில்லை. அம்பிகா நன்றாக இருக்கிறாள்.

உலகு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். "தள்ளிப் போவல, பாத்தீயளா. எனக்காக முந்திக்கிட்டு வந்துட்டா" என்றாள். பேர் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாளாம். குழல்வாய்மொழி, குற்றாலத்து அம்மன் பேர். கூப்பிட, குழலி. அம்பிகாவுக்கும் பிடித்துவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் வாயில் அது என்ன பாடு படப்போகிறதோ.

ராத்திரிக்குக் கேசரி கிண்டினேன். கட்டி தட்டிவிட்டது. ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னாள்.

ஜூலை 28, ஞாயிறு

போட்டோ நிறைய வந்துவிட்டது. போட்டோ எவ்வளவு மட்டமான லைனிலும் மெதுவாக இறங்கித் தெளிவாகவே வந்துவிடும். வீடியோகூட ஒன்று வந்தது, இரண்டு நிமிஷத்துக்கு. உலகு பார்த்தாள், போனைத் தள்ளி வைத்தாள்.

"இது நேத்து எடுத்தது. நேத்தைக்கு இவ என்ன செஞ்சான்னு பாத்து நான் என்ன செய்ய? இப்பம் நான் கூப்பிட்டா திரும்புதாளான்னு பாக்கணும்."

வீடியோவில் கூப்பிட்டார்கள். குழந்தை பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டது, அம்பிகா மடியில் கிடந்தது. எங்களுக்குத் தெரிந்தது ஒரு வெள்ளைத் துணியும் அதன் நடுவில் ஒரு ரோஸ் நிறத் திட்டும். உலகு போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், "குழலி... ஏட்டி குழலி" என்று கூப்பிட்டாள். அவ்வளவுதான், படம் உறைந்துவிட்டது. நாங்கள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்ப அசைந்தபோது அம்பிகா கத்திக்கொண்டிருந்தாள்: "திரும்பினாம்மா! உன் குரலக் கேட்டு டக்குனு திரும்பினா! பாத்தியாம்மா?"

"பாத்தேன்" என்றாள் உலகு.

போனை வைத்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூலை 29, திங்கள்

காலையில் காப்பி கொடுக்கும்போது, "கசமுத்துகிட்டச் சொல்லி அந்த வேகத்தப் போடச் சொல்லுங்க" என்றாள்.

"அம்பிகா உன்னப் பாத்துருவாளே."

"பாக்கட்டும். பிள்ளை வந்தாச்சுல்லா. இனி எதுக்கு மறைக்க? நான் பாக்கணும்னா அவளும் பாக்கத்தான் செய்வா."

தண்ணீர்க் குழாய் என்றால் ஒரு பக்கம்தான் ஓடும். இந்தச் சனியன் இரண்டு பக்கமும் ஓடுகிறது.

"பச்ச உடம்புக்காரி. பயந்தான்னா பால் வத்திரும். ரெண்டு மாசம் போகட்டும் உலகு. நீயும் கொஞ்சம் தேறிக்கிடு."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, நான் தேறுவேன்னு நெசமாவே நெனைக்கீயளா?"

கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க உள்ளே போனேன். அணைத்துத்தான் இருந்தது.

ஜூலை 30, செவ்வாய்

நல்ல சாரல். கடைப் பக்கம் போகவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

"சொன்னீயளா?"

"சொன்னேன். ஒயர் ஸ்டாக் இல்லையாம். வந்ததும் வாரேன்னாரு."

காய்கறி வாங்கக் கசமுத்துவின் கடையைத் தாண்டித்தான் போனேன். திறந்திருந்தது. கையை ஆட்டினார், நானும் ஆட்டினேன். அவர் எழுந்து வரப் பார்த்ததும் நடையை எட்டிப் போட்டேன்.

உலகு மத்தியானம் நன்றாகத் தூங்கினாள். சாயங்காலமும் தூங்கினாள். தூக்கம் உடம்புக்கு நல்லதுதானே.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்றும் அதே வெள்ளைத் துணி, அதே ரோஸ் திட்டு. உலகு இந்தத் தடவை குழந்தையைக் கூப்பிடவே இல்லை. அம்பிகா பேசுவதைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தாள். கிள்ளக்கூட இல்லை, நானே பொத்தானை அழுத்தினேன்.

"நீங்க சொல்லல" என்றாள் பிறகு.

நான் போனை மேசையில் வைத்தேன்.

"அடுக்களையில போயி அந்தப் படத்த எடுத்து வச்சுப் பாக்கீயள்லா, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீயளா? அம்பிகா அனுப்புனாளே, அது. அதுல இருக்கவ நான் இல்லங்க. நான் இங்க கெடக்கேன். என்னப் பாருங்க."

பார்த்தேன். எத்தனையோ மாதமாக அவளுக்கு மருந்து கொடுக்கிறேன், சோறு ஊட்டுகிறேன், தலை வாரி விடுகிறேன். கையைப் பார்ப்பேன், கிண்ணத்தைப் பார்ப்பேன், தலையணையைப் பார்ப்பேன். முகத்தை இன்றுதான் முழுசாகப் பார்த்தேன். நெற்றி எலும்பு தெரிகிறது. உதடு வெடித்திருக்கிறது. கண் இரண்டும் உள்ளே எங்கோ இருக்கிறது. சாகப்போகிறவளின் முகம். எழுதிவிட்டேன். பால் வற்றும், அம்பிகா பயப்படுவாள் என்று நான் சொன்னதெல்லாம் வெறும் சாக்கு. பயந்தது நான்தான். இந்த வீட்டில் ஒரு இடத்திலாவது அவள் பழைய மாதிரி இருக்கட்டும் என்று அந்த மங்கலைப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தேன்.

"நாளைக்குச் சொல்லிருதேன்" என்றேன்.

"ம்" என்றாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலையில் எழுப்பினால் எழவில்லை. கண்ணைத் திறக்கிறாள், மூடிக்கொள்கிறாள். என்னைப் பார்த்து, "தண்ணி தொறந்தாச்சா?" என்று கேட்டாள். நான் வேலைக்குப் போகிற காலத்தில் இருக்கிறாள் போல. தெருக்கோடி டாக்டர் வந்து பார்த்தார். ஈரலில் சேர்கிற விஷம் மூளைக்கு ஏறுகிறதாம். இனி தூக்கம்தான் அதிகம், நடுநடுவே தெளிவு வரலாம் என்றார்.

கசமுத்துவின் கடைக்கு ஓடினேன். செருப்பு போட்டேனா என்று நினைவில்லை. "ஒயர்" என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. மழையோடு கம்பத்தில் ஏறி, இருட்டுவதற்குள் இழுத்துவிட்டார். "இப்பம் பாருங்க அண்ணாச்சி" என்று போனில் ஏதோ ஓட்டிக் காட்டினார். பளிங்கு மாதிரி இருந்தது. போன திங்கட்கிழமையே, அவள் காப்பி குடித்துக்கொண்டு கேட்ட அன்றைக்கே நான் போயிருந்தால்.

ஆகஸ்ட் 7, புதன்

தூக்கம். நான் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

காலையில் கண் திறந்து, "ஏங்க" என்றாள். தெளிவாக என் பக்கம் திரும்பினாள். ஓடிப்போய் ஈரத்துணியால் முகம் துடைத்து, தலை வாரி, பொட்டு வைத்தேன். பிச்சிப்பூ இருந்தது, சொருகினேன். கட்டிலை இழுத்து ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி போட்டேன். லைன் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கசமுத்துவும் அந்த நேரம் வந்தார். தயங்கி வாசற்படியிலேயே நின்றுகொண்டார். முதல் தடவையாக நானே அம்பிகாவை வீடியோவில் கூப்பிட்டேன்.

ஒரு நொடியில் வந்துவிட்டாள். அவள் சட்டையில் பால் கசிந்த ஈரம்கூடத் தெரிந்தது. தோளில் குழந்தை. "என்னப்பா, வியாழக்கிழமை" என்று ஆரம்பித்தவள், பார்த்துவிட்டாள். கை வாய்க்குப் போனது. பிறகு கையை எடுத்துவிட்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை என் மகள். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை.

"அம்மா" என்றாள்.

"உலகு, அம்பிகா வந்திருக்கா. பிள்ளையக் காட்டுதா, பாரு. எல்லாம் தெரியும், பாரு" என்று போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். உலகு பார்த்தாள். பார்வை போனில் நின்றது, வழுக்கியது, திரும்பத் தேடி வந்தது. கண்ணைச் சுருக்கினாள்.

"மங்கலா இருக்கே" என்றாள். "லிமிட் முடிஞ்சிட்டோ?"

நான் போனை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோனேன்.

போனிலிருந்து அம்பிகாவின் குரல் வந்தது, ஒரு பிசிறும் இல்லாமல். "ஆமாம்மா. லைன் ரொம்ப மோசம்மா இன்னைக்கு. இங்கயும் மங்கலாத்தான் தெரியுது." சொல்லும்போது அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்குவது தனித்தனியாகத் தெரிந்தது.

வாசற்படியிலிருந்து கசமுத்து சொன்னார்: "ஆமா மைனி. ஒயர்ல கோளாறு. நாளைக்குச் சரி பண்ணிருதேன்."

உலகு அதை ஏற்றுக்கொண்டாள். மெதுவாக உதட்டைக் குவித்தாள். "குழலி... ஏட்டி குழலி." காற்றுத்தான் அதிகம் வந்தது.

குழந்தை அம்பிகாவின் தோளில், முகத்தை அந்தப் பக்கம் வைத்து, அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. காது மடலும் பின்னந்தலை முடியும்தான் தெரிந்தன. அசையவில்லை.

"திரும்புனாளா?"

"திரும்பிட்டாம்மா" என்று அம்பிகாவும், "திரும்பிட்டா உலகு" என்று நானும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

"நான் சொன்னேம்லா" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 10, சனி

உலகு போய்விட்டாள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அம்பிகா வர முடியவில்லை. கைக்குழந்தைக்குப் பாஸ்போர்ட் இல்லை, விட்டுவிட்டு வரவும் வழியில்லை. கசமுத்துதான் போனைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் காட்டினார். குளிப்பாட்டியது, கோடித் துணி போட்டது, தெருமுனை திரும்பியது. ஒரு இடத்திலும் படம் நிற்கவில்லை. அவ்வளவு நல்ல லைன்.

சாமான்களை ஒதுக்கும்போது ஸ்வெட்டர் கிடைத்தது. ஒரு கை மட்டும் பாக்கி.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இப்போது அம்பிகா காலையில் ஒரு தரம் கூப்பிட்டால் பிறகு அணைப்பதே இல்லை. லிமிட் இல்லாத பிளான். அவள் சமைக்கிறாள், துணி மடிக்கிறாள்; போன் அங்கே ஒரு மூலையில் நிற்கிறது. நான் இங்கே சோறு வடிக்கிறேன். பேசுவதில்லை. கோபம் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்குப்பா" என்றாள். "சாப்டீங்களா?" என்றும் கேட்டாள்.

மங்கல் படத்தை இன்று அழித்துவிட்டேன்.

மத்தியானம் குழந்தையைத் தரையில் பாயில் போட்டிருந்தாள். கையைக் காலை உதறிக்கொண்டு விழித்துக் கிடந்தது. யாரும் கூப்பிடச் சொல்லவில்லை, சும்மா, "குழலி... ஏட்டி குழலி" என்றேன். உதறல் நின்றது. தலை மெல்லத் திரும்பியது. போனைத் தேடி, என் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

"உலகு, திரும்பிட்டா!" என்று உள்ளறையைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

அந்தப் பக்கம் அம்பிகா மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டாள். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.